மைக்கில் சொன்ன பதில்

தமிழைத் தமிழில் மொழிபெயர்க்கிற வேலை ஒன்று உண்டு. கொல்லிமலையில் பன்னிரண்டு வருஷம் அதைச் செய்தேன்.

நான் பேளுக்குறிச்சிக்காரன். வாத்தியார் வேலைக்கு மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவன். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் கிறிஸ்தவர்கள். மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் எங்களுக்குத் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு இருக்கிறது. பதினைந்து குடும்பம் வரும். நிரந்தரப் போதகர் கிடையாது. பெரும்பாலான ஞாயிறுகளில் நானே எழுந்து நாலு வார்த்தை பேசுவேன். மற்ற நாட்களில் கீழேயிருந்து யாராவது ஒரு பிரசங்கியார் வருவார். எழுபது வளைவு ஏறிய மயக்கம் தெளிந்ததும் மேடையேறிச் சபைத் தமிழில் வெளுத்துக்கட்டுவார். மலைக்காரர்களுக்கு அதில் பாதி புரியாது. நான் பக்கத்தில் நின்று அவர்கள் பேசுகிற பேச்சில் அதைச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை ஒருவர் ‘மனந்திரும்புங்கள்’ என்று கத்தினார். முன்வரிசைப் பாயில் இருந்த பெரியவர் ஒருவர் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தன்னை யாரோ அவமானப்படுத்திவிட்டதாகப் பிரசங்கியாருக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னொருவர் ஒரு பெண்ணிடம், “இரட்சிக்கப்பட்டீர்களா சகோதரி?” என்று கேட்டார். “இனிமேத்தானுங்க, ஊட்டுக்குப் போய்த்தான்” என்றாள் அவள். சாப்பாட்டைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். இதற்கெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். ஆனால் ‘ஆத்தும ஆதாயம்’ என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஆளை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதற்குச் சபையில் அதுதான் பெயர். ஆதாயம் என்பது மிளகு வியாபாரி பேசுகிற சொல். மனுஷனைப் பற்றிப் பேச அதை எப்படி எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை. இருமல் வந்ததுபோல் இருமிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவேன்.

இன்னொரு சொல்லும் என்னைப் பாடாய்ப்படுத்தியது. ‘பாவம்’ என்று பிரசங்கியார் சொல்வார். சனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். இங்கே பாவம் என்றால் இரக்கம். கால் உடைந்த ஆட்டுக்குட்டி பாவம், மழையில் மாட்டிக்கொண்டவன் பாவம். ‘எல்லாரும் பாவத்தில் இருக்கிறோம்’ என்று நான் சொன்னபோது, “ஆமாங்க, பாவந்தானுங்க எல்லாரும்” என்று தலையாட்டினார்கள். வருஷக்கணக்காக அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேலை மெனக்கெட்டு.

எங்கள் ஜெபவீட்டுக்கு ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். எதிர்ச்சரிவில் வீடு, வீட்டை ஒட்டி மரவள்ளிக் காடு. கணவர் கீழே கட்டட வேலை செய்துகொண்டு எப்போதாவது வருவார். ஒரே மகள். சமவெளியில் ஒரு மில்லில் வேலை பார்த்த பெண், இருபத்தொரு வயது. மஞ்சள் காமாலையோடு ஊருக்கு வந்தாள். அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார், பத்தியம் போட்டார், கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். ஒன்பதாம் நாள் பேச்சுக் குழறியதும் தூக்கிக்கொண்டு கீழே சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் எங்கே போனாலும் சுமந்துகொண்டு திரிந்தார்.

சாவு வீட்டுக்கு நானும் என் மனைவியும் போனோம். நான் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். என் மனைவி மூன்று நாள் அங்கேயே இருந்தாள். ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெங்காயம் உரித்தாள், பாத்திரம் கழுவினாள், அக்கா அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதம் கழித்து அக்கா தானாகவே ஜெபவீட்டுக்கு வந்து கதவோரம் உட்கார்ந்தார். பாட்டுப் பாட மாட்டார், கண்ணை மூட மாட்டார். “இங்க உக்காந்தா கொஞ்சம் மூச்சு வருதுங்க” என்று என் மனைவியிடம் சொன்னாராம். எட்டு மாதம் அப்படி வந்தார்.

பிறகு, தூங்குகிற விசுவாசத்தைத் தட்டியெழுப்ப, எழுப்புதல் கூட்டம் என்று மூன்று நாள் கூட்டம் வைத்தோம். வைத்ததும் நான்தான், பிரசங்கியாரைக் கூப்பிட்டதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், மூன்று நாளும் பகலில் ஒன்றும் சாப்பிடாமல் உபவாசம் இருந்து பேசினார். கெட்ட ஆள் இல்லை. கெட்ட ஆளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். பலாமரத்தில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். சத்தம் எதிர்ச்சரிவு வரைக்கும் போகும்.

மூன்றாம் நாள் மத்தியானம் பிரசங்கம் முடிந்து, தலையில் கைவைத்து ஜெபிக்க ஒவ்வொருவராக முன்னே வந்தார்கள். அக்காவும் வந்து நின்றார். ஜெபத்துக்கு அல்ல. எட்டு மாதமாக யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்க வந்திருந்தார். நாங்கள் தெரிந்தவர்கள், ஆறுதலுக்கு எதையாவது சொல்லிவிடுவோம் என்று நினைத்திருக்கலாம். வெளியூர்க்காரர் உள்ளதைச் சொல்வார் என்று நம்பியிருக்கலாம்.

“ஏனுங்க சாமி, எம்புள்ள இப்ப எங்கீங்க இருக்கும்?” என்றார், காதோடு சொல்வதுபோல்.

பிரசங்கியார் சட்டென்று பின்வாங்கினார். “என்னைச் சாமி என்று கூப்பிடக் கூடாது” என்றார். எங்கள் பக்கம் தொட்டில் குழந்தையையும் சாமி என்றுதான் கொஞ்சுவோம். கறிக்கடைக்காரரும் சாமிதான், கண்டக்டரும் சாமிதான். அவர் அதை விக்கிரகக் கணக்கில் சேர்த்துவிட்டார். அப்போதே நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும்.

“என்ன கேட்கிறார்கள்?” என்றார் என்னிடம். சொன்னேன். அவர் கையில் மைக் இருந்தது. அதை அணைக்கவில்லை. அணைக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

“உங்கள் மகள் ஞானஸ்நானம் எடுத்திருந்தாளா?”

“இல்லீங்க.”

“நோய் வந்தபோது கோயிலுக்குக் கொண்டுபோனீர்களா?”

“போனமுங்க. கயிறு கட்டுனோம்.”

“அப்படியானால் அவள் நித்திய அக்கினியில் இருக்கிறாள். நீயும் அங்கே போகாதபடிக்கு இன்றைக்கே மனந்திரும்பு” என்றார். என் பக்கம் திரும்பி, “சொல்லுங்கள் பிரதர், இவர்கள் பேச்சில் சொல்லுங்கள்” என்றார்.

காதோடு கேட்ட கேள்விக்குப் பலாமரத்திலிருந்து பதில் வந்தது. காட்டில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்டார்கள். அவர் வீட்டுக் கூரைக்கே அது போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் டிரைவரிடம் சண்டைக்குப் போகிறவன். ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீசில், எங்கேயும் வாயை அடக்கியதில்லை. அன்றைக்கு அந்த வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நான் மொழிபெயர்த்துச் சொன்னது இதுதான்: “அப்பறம் பேசிக்கலாங்க்கா. இப்பப் போய் உக்காருங்க.”

அவர் போகவில்லை. நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அழவில்லை.

“சரிங்க. அப்ப எனக்கும் அங்கயே ஒரு எடம் போட்டு வெக்கச் சொல்லுங்க. நான் மட்டும் மேல போயி என்னங்க பண்றது? அது தனியா இருந்து பழக்கமில்லீங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். “என்ன சொன்னார்கள்?” என்று பிரசங்கியார் கேட்டார். “ஒன்றுமில்லை” என்றேன். அடுத்த ஆள் முன்னே வந்து தலையைக் குனிந்தார்.

கூட்டம் முடிந்து, உபவாசமும் முடிந்து, என் வீட்டில் இலை போட்டோம். சோற்றைப் பிசையும்போதுதான் எனக்கு வாய் வந்தது. நேரம் கெட்ட நேரத்தில் வருகிற வாய். இலையைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா அது, உங்களை யார் நீதிபதியாக்கினது, மைக்கையாவது அணைத்திருக்கக் கூடாதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். என் மனைவி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அவர் கத்தவில்லை. “பிரதர், டாக்டர் நோயை மறைத்தால் அது அன்பா?” என்றார்.

நோயாளியிடம் நோயைச் சொல்லலாம், ஆனால் நீங்கள் செத்துப்போனவளுக்கு நோய் சொன்னீர்கள், உயிரோடு இருக்கிறவளுக்கு மருந்து சொல்லவில்லை என்று நான் பதில் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பதில் மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது வந்தது. அன்றைக்கு, “பேச்சை மாத்தாதீங்க” என்று மட்டும் கத்தினேன்.

அவர் இலையை மடித்தார். “எங்க அப்பாவும் ஞானஸ்நானம் எடுக்காமல்தான் போனார், பிரதர். அவரைப் பற்றியும் நான் இதைத்தான் நம்புகிறேன். எனக்கு மட்டும் சுலபமாகவா இருக்கிறது?” என்றார். கை கழுவிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருக்காக இரக்கப்பட எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை. இன்னும் கோபம்தான் ஏறியது. சொந்த அப்பாவைத் தீயில் வைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு அடுத்தவள் பிள்ளையை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. “நீங்க போய்ப் பாருங்க” என்றாள் மனைவி. “நீ போயேன்” என்றேன். “நான் எதுக்கு? மைக்குப் பக்கத்துல நின்னது நீங்க” என்றாள்.

போனேன். சனிக்கிழமை, பனி விலகிய நேரம். அக்கா காட்டில் மரவள்ளிக் குச்சிகளை நடவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். “வாங்க சார்” என்றார். வெட்டுவதை நிறுத்தவில்லை. அந்த ஆள் சார்பில் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை எல்லாம் கொட்டினேன். பிரசங்கியாரைத் திட்டினேன். அவர் அப்பா கதையையும் சொன்னேன், அவர் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சு என்று காட்டுவதற்காக.

அக்காவின் கை நின்றது. “பெத்த அப்பனையுமா?” என்றார். “அட, பாவங்க அவரு. எப்படீங்க தூங்குவாரு?”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் எதிர்பார்த்து வந்தது இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டுவதை. அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

“அவரு என்னங்க, வந்துட்டுப் போறவரு” என்றார் அக்கா. “மொதல்ல சொன்னது நீங்கதானுங்களே.”

“நானா? நான் என்னங்க்கா சொன்னேன்?”

“உங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்க.”

குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, புகார் மாதிரியும் சொல்லவில்லை. அவர் மகள் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். நான் மலைக்கு வந்த புதிது. கோயில் நோம்பி முடிந்த மறுநாள், படைத்த சாமைப் பொங்கலை வாழையிலையில் மடித்து எனக்கென்று கொண்டுவந்திருக்கிறாள். “பேய்க்குப் படைச்சத எனக்கு எதுக்குக் கொண்டாந்தே?” என்று வகுப்பு முழுக்கக் கேட்க நான் சொல்லியிருக்கிறேன். இலையை அப்படியே ஜன்னலுக்கு வெளியே வீசியும் இருக்கிறேன்.

“ஊட்டுக்கு வந்து, நம்ம சாமி பேயாம்மான்னு கேட்டுச்சுங்க. அப்பறம் கோயிலுக்கு வரமாட்டேன்னுச்சு. சரி, உங்க சர்ச்சுக்காச்சும் போயேன்னா அதுக்கும் போகலை. ரெண்டு பக்கமும் பயம். காமாலை வந்து கெடந்தப்ப கயிறு கட்டுனமுங்களே, அன்னிக்குக்கூட, சார் பாத்தா திட்டுவாருன்னு சீலையை இழுத்துக் கைய மூடிக்கிச்சு.”

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு யோசித்தும் அந்த இலை எனக்கு ஞாபகம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. வீசினவனுக்கு எதற்கு ஞாபகம் இருக்கப்போகிறது? பத்து வருஷம் கழித்து, சாகக் கிடக்கிற உடம்பில், ஒரு பெண் எனக்குப் பயந்து கையை மறைத்திருக்கிறாள். ஆண்டவருக்குப் பயந்து அல்ல, எனக்குப் பயந்து. இதைச் செய்துவிட்டு நான் வெளியூர்க்காரனை நீதிபதி என்று கத்தியிருக்கிறேன், அதுவும் சோற்று இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். அது வார்த்தையாக வந்ததா என்று தெரியாது.

“உங்களுக்கு யாரு அப்படிச் சொல்லிக் குடுத்தாங்களோ” என்றார் அக்கா. பிறகு, “இப்ப நீங்க சொல்லுங்க சார். எங்க இருக்கும் அது?” என்று கேட்டார்.

தப்பிக்க வழியில்லை. பக்கத்தில் பிரசங்கியார் இல்லை, மொழிபெயர்க்க வேறொருவர் வாக்கியம் இல்லை.

“எனக்குத் தெரியாதுங்க்கா” என்றேன். “அந்த ஆளுக்கும் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி பேசுனோம், அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சது இயேசுவைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதானுங்க. தீக்குள்ள ஒரு புள்ள கெடக்குதுன்னா அவரு வெளிய நின்னு கணக்குக் கேக்கற ஆளில்லீங்க. அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, எனக்கும் அங்கயே எடம் போடச் சொல்லுங்கன்னு? அவரும் அதையேதானுங்க சொல்லுவாரு. அதைச் சொல்லிட்டுத்தான் அவரு செத்ததே.”

அக்கா வெட்டிய குச்சிகளை ஒன்றுசேர்த்துக் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. இங்க காட்டுக்குள்ள வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்க. அவரு சொன்னது ஊருக்கே கேட்டுச்சு. தண்ணிக்குப் போனா, பஸ்ஸுல ஏறுனா, எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்கறாங்க. இதையும் மைக்குல சொல்லுங்க.”

அடுத்த நாள் ஞாயிறு. ஹார்ன் ஸ்பீக்கரைத் திரும்பவும் பலாமரத்தில் கட்டினேன். எங்கள் சபை மூத்தவர் ஒருவர், “என்னுங்க சார், ஆராதனைக்கு எதுக்குங்க ஹார்னு?” என்றார். எதிர்ச்சரிவைப் பார்த்து அதைத் திருப்பிவைத்தேன். மலைக்காரர்கள் பேசுகிற பேச்சிலேயே பேசினேன். இந்த மேடையில் ஒரு தாயிடம் சொல்லப்பட்டது தப்பு, அதைச் சொன்னவரைக் கூட்டிவந்தது நான், பக்கத்தில் நின்று வாய்மூடி இருந்தது நான் என்றேன். ஒரு பெண்குழந்தை ஆசையாகக் கொண்டுவந்த பொங்கலைப் பேய்க்குப் படைத்தது என்று வீசியதும் நான்தான் என்றேன். காட்டில் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே திரும்பச் சொன்னேன். குரல் உடைந்தது. ஸ்பீக்கரில் அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

மூன்று குடும்பம் அன்றோடு நின்றுவிட்டது. நரகத்தைக் கேலி பண்ணிவிட்டேனாம். பிரசங்கிகளை அனுப்புகிறவர்கள் இனி யாரையும் அனுப்புவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் மொழிபெயர்ப்பு வேலை போயிற்று. போகட்டும்.

அக்கா திரும்பி வந்தாரா என்று கேட்பார்கள். வரவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் வரவில்லை. என் மனைவி போய்வருகிறாள். அவரும் எங்கள் வீட்டுக்கு வருவார், மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவார், பேசுவார். ஜெபவீட்டு வாசலை மட்டும் மிதிப்பதில்லை. போன வாரம் சபையில் ஒருவர் எழுந்து, “அந்தம்மா மனசு திரும்பணும்னு ஒரு ஜெபம் பண்ணிக்கலாங்களா சார்?” என்றார். நல்ல மனுஷன், நல்லெண்ணத்தில்தான் கேட்டார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவங்க மனசுக்கு ஒண்ணும் ஆகலீங்க, உக்காருங்க, நம்முளுக்குப் பண்ணுங்க என்றேன்.